முன் சீட்டில் சிரித்த குற்றம்

கண்ணாடிக்காரர் அந்தக் காரை வாங்கியதற்குக் காரணம், அதில் உட்கார்ந்து அவர் பெண்டாட்டி சிரித்ததுதான். இதை அவர் வெளியே யாரிடமும் சொல்லவில்லை. கார் வாங்குகிறவர்கள் மைலேஜ் என்பார்கள், டிக்கி பெரிது என்பார்கள், பிரேக் பிரமாதம் என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிவிட்டான் என்பதைப் பற்றி மட்டும் மூச்சுவிட மாட்டார்கள். பெண்டாட்டி சிரித்தாள் என்று கார் வாங்கியவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும். அதற்காக அவரைப் படாத பாடு படுத்தினார்கள்.

அவருக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. ஃபிரேமின் காதுக் கம்பியைச் சூடு காட்டி வளைப்பது, லென்ஸின் விளிம்பைத் தேய்த்துப் பொருத்துவது, "மூக்குல அழுத்துதா? குனிஞ்சு பாருங்க, நழுவுதா?" என்று கேட்பது, கடை திறந்ததிலிருந்து மூடும் வரை இதுதான் வேலை. அடுத்தவர் முகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்துப் பழகியவர். கோணல் மூக்கோ, ஏறின காதோ, எதுவானாலும் சரிக்கட்டி அனுப்பிவிடுவார். வீட்டில் இருந்த ஒரு முகம்தான் அவர் கைக்கு அடங்கவில்லை. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போன மனைவி வெறும் கையோடு திரும்பியிருந்தாள். பையன். பிறந்தான், அழவில்லை, அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் சமைத்தாள், தான் வேலை பார்த்த நூலகத்துக்குப் போய்வந்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். சிரிப்பு மட்டும் போன இடம் தெரியவில்லை. கண்ணாடிக்காரர் ஜோக்குப் புத்தகம் வாங்கிவந்து குரலை ஏற்றி இறக்கிப் படித்துக் காட்டினார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முடிஞ்சுதா? சாப்பிட வாங்க" என்பாள்.

இந்த நேரத்தில்தான் தரகர் ஒருவர் அந்தச் சாம்பல் நிறக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். பழைய வண்டி. நாலு கதவு, அகலமான பின் சீட்டு, பார்த்தால் பரம சாது. பின்பக்கம் மூடியில் மட்டும் 'சூப்பர்சார்ஜ்டு' என்று வெள்ளி எழுத்தில் கூச்சத்தோடு ஒட்டியிருந்தது.

"அபூர்வமான வண்டி சார்," என்றார் தரகர். "ஊருக்குள்ள நாலோ அஞ்சோதான் இருக்கும்."

மனைவியின் அப்பாவும் அவர்களோடுதான் இருந்தார். டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் இல்லாத பயணியைப் பார்க்கிற முகம் அவருக்கு அப்படியே உறைந்துவிட்டது. கல்யாணப் போட்டோவில்கூட அபராதம் போடுகிறவர் மாதிரிதான் நிற்பார். அவர் கேட்டார்: "அப்ப ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காதே?"

"கிடைக்காம என்னய்யா? தெருவுக்கு நாலு ஓடுது," என்றார் தரகர், கண் இமைக்காமல்.

கண்ணாடிக்காரர் ஓட்ட, மனைவி பக்கத்தில் உட்கார, தரகரும் மாமனாரும் பின்னால் ஏறிக்கொள்ள, ஒரு சுற்றுப் போனார்கள். ஆளில்லாத சாலை வந்ததும் தரகர், "கொஞ்சம் அமுத்துங்க சார்" என்றார். கண்ணாடிக்காரர் அமுத்தினார். பானெட்டுக்குள்ளிருந்து 'ங்ஙீஈஈ' என்று ஒரு கீச்சுக் குரல் கிளம்பி ஏறிக்கொண்டே போனது. வண்டி ஒரு எத்து எத்தி முன்னால் பாய்ந்தது. எல்லோருடைய முதுகும் சீட்டில் ஒட்டிக்கொண்டது.

"சூப்பர்சார்ஜர்னு இன்ஜின் பெல்ட்லயே ஒரு காத்தாடி சுத்துது சார்," என்று தரகர் பின்னாலிருந்து விளக்கினார். "காத்தை அமுக்கி அமுக்கி உள்ள தள்ளும். அந்த இழுவைக்கும் சத்தத்துக்கும் அதான் காரணம்."

கண்ணாடிக்காரர் காதில் இது எதுவும் விழவில்லை. மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, ஐயோ" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வண்டி நின்ற பிறகும் அவளுக்கு நிற்கவில்லை. பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை" என்றாள்.

பேரம் பேசாமல் வாங்கினார். தினமும் கடையைச் சாத்தியதும் அவளை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று. தினமும் அந்தக் கீச்சுக் குரல், தினமும் அந்தச் சிரிப்பு. கொஞ்ச நாளில் அவள் வண்டிக்கு வெளியேயும் பேச ஆரம்பித்தாள். நூலகத்தில் ஒருவர் புத்தகத்துக்குள் தன் பல்குச்சியை அடையாளம் வைத்துத் திருப்பிக் கொடுத்த கதையைச் சாப்பிடும்போது சொன்னாள். கண்ணாடிக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்தில் அப்படியும் ஆகும் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

ஊரில் ஒருவன் நிம்மதியாக இருப்பது எப்படித்தான் அலுவலகங்களுக்குத் தெரிந்துவிடுகிறதோ! குடும்ப வாகனக் குணநிர்ணய வாரியத்திலிருந்து ஆள் வந்தார்கள். சாலைச் சந்திப்பில் இருந்த வாரியக் காமிரா எடுத்த படத்தைக் காட்டினார்கள். படத்தில் மனைவி வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். 'முன் சீட்டுப் பெண் பயணி, சிரித்த நிலையில் சந்திப்பைக் கடந்தார்' என்று அடியில் எழுதியிருந்தது. அப்படி ஒரு படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. "இதை நான் வச்சுக்கலாமா சார்?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர். ஆதாரத்தைக் கொடுக்க முடியாது என்று சொல்லிப் படத்தைப் பையில் போட்டுக்கொண்டு, காரைச் சங்கிலியில் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள்.

வாரியம் பிறந்த கதை இது. குடும்பத்துக்கென்று விற்கும் கார்களில் விளையாட்டுப் புத்தி புகுந்துவிட்டதாக எப்போதோ ஒரு பெரிய மனிதர் கவலைப்பட்டார். பெரிய மனிதர் கவலைப்பட்டால் கமிட்டி போட வேண்டும், போட்டார்கள். கமிட்டிக்கு ஒரு கட்டடம் கட்டினார்கள். கமிட்டி கலைந்த பிறகு கட்டடம் காலியாகக் கிடப்பது நன்றாக இல்லை என்று அதில் வாரியத்தைக் குடிவைத்தார்கள். சூப்பர்சார்ஜர் வைத்த குடும்பக் கார்கள் எவ்வளவு சகஜம், எவ்வளவு விளையாட்டு என்று கண்டுபிடிப்பதுதான் வாரியத்தின் வேலை; ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிவு. சகஜம் என்றாலும் சரி, விளையாட்டு இல்லை என்றாலும் சரி, வண்டி வீட்டுக்குத் திரும்பும். அபூர்வம் என்றும் விளையாட்டு என்றும் இரண்டு பிரிவும் சொல்லிவிட்டால், கொல்லைப்புறத்தில் இருக்கும் இயந்திரம் அதை நசுக்கித் தகரக் கட்டியாக்கிவிடும்.

கண்ணாடிக்காரர் கடையைப் பாதி மூடிவைத்துவிட்டு முதலில் சகஜ நிர்ணயப் பிரிவுக்குப் போனார். அங்கே இருந்த அதிகாரி நல்ல மாதிரி, உட்காரச் சொன்னார்.

"உங்க வண்டி அபூர்வம்னு முடிவாயிருக்கு," என்றார். "எங்க ஆள் மூணு சந்திப்புல ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்ணினார். இந்த மாதிரி வண்டி ஒண்ணுகூட வரலை."

கண்ணாடிக்காரர் பேந்தப் பேந்த விழித்தார். அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே வாரியத்தின் யார்டு. யார்டு முழுக்க, கதவு திறக்க இடமில்லாமல், அதே மாதிரிக் கார்கள். சிலவற்றின் சக்கரத்தில் புல் ஏறியிருந்தது. எல்லாவற்றின் பின்னாலும் அதே வெள்ளி எழுத்து.

"சார், அங்க நிக்கறது அத்தனையும் அதே வண்டிதானே?"

அதிகாரி திரும்பிப் பார்த்தார். "ஆமா. ஆனா அது யார்டு. நாங்க எண்றது ரோட்டை."

"ரோட்ல ஓடினதைத்தானே சார் பிடிச்சுட்டு வந்தீங்க?"

"பிடிச்சதுக்கப்புறம் அது ரோட்ல இல்லையே."

"அப்ப விட்டுட்டீங்கன்னா ரோட்ல நிறைய ஆயிடும். சகஜம் ஆயிடும்."

"சகஜம் ஆனாத்தானே விட முடியும்?" என்றார் அதிகாரி. பிறகு மேஜை மேல் சாய்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. இந்த இடத்துல எங்களுக்கே கொஞ்சம் இடிக்குது. பிரிவு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இதை யோசிச்சிட்டிருக்கோம். அதுக்காகவே இன்னும் ரெண்டு பேரை வேலைக்கு எடுத்திருக்காங்க. இன்னொண்ணும் பாருங்க. அபூர்வமான வண்டியை யாரோ ஆசைப்பட்டுத்தான் வாங்கியிருக்கணும். ஆசைப்பட்டு வாங்கினது எப்படிங்க குடும்பத்துக்கானதா இருக்கும்? டீ சாப்பிடறீங்களா?"

டீ சாப்பிட்டுவிட்டு, மாடிப்படி ஏறி விளையாட்டு நிர்ணயப் பிரிவுக்குப் போனார். அங்கே ஓர் அம்மாள். கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியிருந்தது. கண்ணாடிக்காரருக்குக் கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டார்.

"முதல்ல நாங்களும் அப்பாவியா வண்டியைத்தான் சோதிச்சோம்," என்றார் அந்த அம்மாள். "இழுவை என்ன, திருப்பத்துல எப்படி நிக்குதுன்னு பார்த்தோம். பேப்பர்ல புலியா இருக்கிற வண்டி, சிக்னல்ல மத்த வண்டிங்களோட சேர்ந்து சமத்தா நிக்குது. சும்மா சொல்லக்கூடாது, பாதிப் பேர் அந்த வெள்ளி எழுத்துக்காகத்தான் வாங்கியிருக்காங்க. வருஷம் முழுக்க ஸ்கூலுக்கும் மார்க்கெட்டுக்கும் ஓட்டிட்டு, ஒரு தடவைகூட முழுசா அமுத்தினதில்லை. வண்டியை வச்சுப் பார்த்தா விளையாட்டே இல்லைன்னுதான் ரிப்போர்ட் வந்தது."

"அப்ப விட்டுட வேண்டியதுதானே அம்மா?"

"விட்டா பிரிவை மூடிடுவாங்களே!" என்றார் அந்த அம்மாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. "அதனால ஆழமா ஆராய்ச்சி பண்ணினோம். விளையாட்டு வண்டியில இல்லை, உட்கார்ந்தவங்க மூஞ்சியில இருக்குன்னு கண்டுபிடிச்சோம். குடும்பத்தோட வாங்க. எங்க டிரைவர் ஓட்டுவார், எங்க அளவர் பார்ப்பார். யாரும் சிரிக்கலைன்னா வண்டியை எடுத்துட்டுப் போகலாம்."

வீட்டில் வந்து சொன்னபோது மனைவி, "விட்டுருங்க. பஸ்ல போய்க்கலாம்" என்றாள். குரலில் ஒன்றுமே இல்லை. வண்டி போனதிலிருந்து அவள் பேச்சு மறுபடி கேட்டதற்குப் பதில் என்கிற அளவுக்குச் சுருங்கியிருந்தது. பழைய முகம் திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்த வண்டி நசுங்கினால் இந்தச் சிரிப்பும் அதோடு போச்சு என்று கண்ணாடிக்காரர் மனதில் பதிந்துவிட்டது. சிரிக்கவைக்கிற வண்டியை மீட்க வேண்டும் என்றால் அதில் உட்கார்ந்து சிரிக்கக் கூடாது. இதில் இருந்த கிறுக்குத்தனம் அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்து என்ன செய்வது?

சோதனைக்கு மூன்று பேரும் போனார்கள். அவர்கள் வண்டியிலேயே பின் சீட்டில் வரிசையாக உட்காரவைத்தார்கள். வாரியத்தின் டிரைவர் ஓட்டினார். குதூகல அளவர் என்கிற அலுவலர் முன் சீட்டில் பின்பக்கம் பார்த்து மண்டிபோட்டுக்கொண்டு, கையில் பித்தளை அளவுகோலோடு அவர்களுடைய உதடுகளையே உற்றுப் பார்த்தார். யார்டைச் சுற்றிப் போட்டிருந்த பாதையில் டிரைவர் அமுத்தினார். கீச்சுக் குரல் கிளம்பியது. அளவர் தடுமாறிச் சீட்டின் முதுகைக் கட்டிக்கொண்டார். தலையிலிருந்த தொப்பி பறந்துபோய் மாமனார் மடியில் விழுந்தது.

மனைவியின் இடது உதட்டோரம் ஒரு நூல் அளவு மேலே ஏறியது.

"அசைவு!" என்று கத்தினார் அளவர். வண்டி நின்றது. முடிவுகளை உரக்கப் படித்தார். "மனைவி: தற்காலிகக் குதூகலம். கணவர்: பயணம் முழுக்க மனைவி முகத்தையே ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். குடும்ப வாகனத்தில் இது வழக்கமில்லை; சந்தேகத்துக்குரியது. மாமனார்..." அளவர் நிறுத்தினார். பக்கத்தில் போய் அளவுகோலை வைத்துப் பார்த்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் பார்த்தார். "பூஜ்யம்," என்றார், தழுதழுத்த குரலில்.

செய்தி பரவி, மாடியிலிருந்து ஊழியர்கள் இறங்கிவந்து மாமனார் முகத்தைப் பார்த்தார்கள். இப்படி ஒரு முகத்தை வாரியம் தொடங்கிய நாளிலிருந்து பார்த்ததில்லையாம். மாதிரிப் பயணி என்று ஒரு பதவி காலியாகவே இருக்கிறது, ஐயா ஒப்புக்கொள்வாரா என்று கேட்டார்கள். "இது டிக்கெட் கேட்டுக் கேட்டு ஆன மூஞ்சி," என்று மாமனார் தொப்பியைத் திருப்பிக் கொடுத்தார். அதையும் பதிந்துகொண்டார்கள்.

கண்ணாடிக்காரர் தலைவரையே பார்த்துக் கெஞ்சிவிடுவது என்று போனார். போர்டிகோவில் தலைவரின் கார் நின்றிருந்தது. சாம்பல் நிறம், நாலு கதவு, பின்னால் அதே வெள்ளி எழுத்து. கண்ணாடிக்காரர் அதையும் பார்த்து, தலைவரையும் பார்த்தார்.

"பார்க்கறீங்க, புரியுது," என்றார் தலைவர் பெருந்தன்மையோடு. "அதே வண்டிதான். ஆனா அதுக்கு விலக்கு உண்டு. ஏன்? இத்தனை வருஷத்துல அதுல உட்கார்ந்து யாரும் சிரிச்சதே இல்லை. என் மனைவி ஏறினா ஜன்னல் பக்கம் திரும்பிப்பாங்க. பசங்க காதுல எதையோ மாட்டிப்பாங்க. நானும் ஆபீஸ் போனேன், வீட்டுக்கு வந்தேன், அவ்வளவுதான். அதாங்க குடும்பம்! ஒரு இடத்துல ஏறி இன்னொரு இடத்துல இறங்கறது. நடுவுல இளிக்கறதுக்கு என்ன இருக்கு? நீங்களே சொல்லுங்க, உங்க வீட்டம்மா எதுக்குச் சிரிச்சாங்க?"

கண்ணாடிக்காரர் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். ஆஸ்பத்திரி, வெறும் கை, ஜோக்குப் புத்தகம், எல்லாம் தொண்டை வரை வந்தது. "சும்மா சார். வண்டி பாஞ்சதும் வயித்துல கூசுச்சாம்," என்றார்.

"அதான் பாருங்க. காரணமே இல்லாம!" என்று தலைவர் வருத்தப்பட்டார். "பயிற்சி வகுப்புல சேருங்க. ஒரு மறுசோதனை தர்றேன். அதுலயும் சிரிச்சா வண்டி இயந்திரத்துக்குப் போயிடும்."

பயிற்சி வகுப்பு கீழ்த்தளத்தில் நடந்தது. நாற்காலிகளை முன்னால் இரண்டு, பின்னால் மூன்று என்று கார் சீட்டுப் போலப் போட்டு, கார் பறிபோன குடும்பங்களை உட்காரவைத்திருந்தார்கள். சூப்பர்சார்ஜர் சத்தத்துக்கு ஒரு மிக்சி. பயிற்சியாளர் தன் கையாலேயே மிக்சியை முடுக்குவார், நாற்காலியைப் பின்னாலிருந்து ஓர் ஆள் உலுக்குவான், குடும்பம் சிரிக்காமல் இருக்க வேண்டும். மிக்சியைப் பார்த்ததும் பாதிப் பேருக்குச் சிரிப்பு வந்து, முதல் நாளே நிறையப் பேர் தோற்றார்கள்.

"துக்கத்தைப் பிடிச்சுக்கணும்," என்று பயிற்சியாளர் கற்றுக்கொடுத்தார். "ஆளுக்கு ஒரு துக்கம். சத்தம் வந்த உடனே அதை நினைக்கணும். திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய, சத்தமும் துக்கமும் ஒட்டிக்கும். அப்புறம் நீங்க நினைக்கவே வேணாம், தானா வரும்."

ஆளாளுக்கு ஒரு துக்கத்தைச் சொன்னார்கள். ஒரு தையல்காரருக்கு, வெட்டுத் தப்பி வீணான சூட்டுத் துணி. ஒரு டீச்சருக்கு, கொட்டிப்போன முடி. மாமனாரிடம் வந்து, "ஐயா, உங்க துக்கம் எதுன்னு சொன்னா மத்தவங்களுக்கும் பாடமா இருக்கும்" என்றார் பயிற்சியாளர், பயபக்தியோடு.

"நான் எதையும் நினைக்கலை," என்றார் மாமனார். "என் பொண்ணைத்தான் பார்த்துட்டிருந்தேன்."

மனைவி தொலைந்துபோன தோடு ஒன்றைத் துக்கமாக வைத்துக்கொண்டாள். பயிற்சியாளர் மிக்சியை முடுக்கினார். உதடு அசைந்தது. தோடு போதாது என்று, மழையில் நனைந்து கூழான நூலகப் புத்தகங்களை நினைத்தாள். உதடு அசைந்தது. படித்த காலத்துத் தோழி பேசாமல் போனதை நினைத்தாள். கொஞ்சம் நின்றது, மிக்சியின் வேகத்தைக் கூட்டியதும் மறுபடி அசைந்தது. இத்தனை நாள் காணாமல் போயிருந்த சிரிப்பு இப்போது அடக்கினால் அடங்கமாட்டேன் என்று வந்து நின்றது. வேறு ஒரு வீடாக, வேறு ஒரு சமயமாக இருந்தால் இதைக் கொண்டாடியிருக்கலாம். மறுசோதனை அடுத்த நாள்.

பயிற்சியாளர் மிக்சியை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்காரரிடம் வந்தார். கடையில் இன்னும் கெட்டியான பசை இருக்கிறதா என்று விசாரிக்கிற குரலில் கேட்டார்: "இவங்க துக்கமெல்லாம் நீர்த்துப்போய் இருக்கே சார். வீட்ல இதைவிடப் பெருசா ஏதாவது இருக்கா?"

மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வேறு எதையெதையோ அவள் எடுத்துக்கொண்டிருந்தது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆனாலும் இயந்திரம் கண்ணுக்கு முன்னால் நின்றது. தகரக் கட்டியாகிப் போகும் வண்டி, அதோடு போகும் அவள் சிரிப்பு, அப்புறம் காலம் பூரா 'முடிஞ்சுதா? சாப்பிட வாங்க'. நாக்கில் சனி ஏறியது.

"ஒண்ணு இருக்கு சார்," என்றார்.

மாமனார் திரும்பிப் பார்த்தார். மனைவி நிமிரவில்லை. "சரி," என்றாள் சின்னக் குரலில். பயிற்சியாளர் மிக்சியை முடுக்கினார். உதடு அசையவில்லை. இன்னொரு முறை முடுக்கினார். இன்னொரு முறை. சாயங்காலம் வரை முடுக்கிக்கொண்டே இருந்தார். "பிரமாதம், பிரமாதம்!" என்று அவரே கை தட்டினார்.

மறுநாள் சோதனையில் டிரைவர் வழக்கத்தைவிட அழுத்தமாக அமுத்தினார். கீச்சுக் குரல் உச்சத்துக்குப் போனது. அளவர் இந்த முறை தன்னைக் கயிற்றால் சீட்டோடு கட்டிக்கொண்டிருந்தார். மனைவி நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்காரர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், அவருக்கும் தைரியம் இல்லை. அளவர் அளவுகோலைக் கீழே இறக்கிவிட்டு, "முழுப் பூஜ்யம். மாமனாரையே மிஞ்சிட்டாங்க" என்றார்.

தலைவரே படி இறங்கிவந்தார். ஊழியர்கள் வரிசையாக நின்றார்கள். மனைவியைக் காரின் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். தலைவர் பேசினார்:

"இந்தம்மா முகத்தை எல்லாரும் நல்லாப் பார்த்துக்குங்க. நம்ம வாரியம் எதுக்கு இருக்குன்னு கேக்கறவங்களுக்கு இந்த முகம்தான் பதில். வந்தப்ப எப்படி வந்தாங்க, இப்ப எப்படிப் போறாங்க! இந்த வண்டி இன்னைலேர்ந்து சுத்தமான குடும்ப வண்டி. சில சின்ன நிபந்தனை உண்டு. இதை விக்கக் கூடாது. பெல்ட்டைக் கழட்டி அந்தச் சத்தத்தை நிறுத்தக் கூடாது. சத்தம் இருந்தும் சிரிக்காம இருக்கறதுதான் பெருமை. வருஷா வருஷம் வந்து இதே மாதிரி ஒரு தடவை உட்கார்ந்து காட்டணும். அம்மா, அந்தத் துக்கத்தை மட்டும் பத்திரமா வச்சுக்குங்க. வேற ஒண்ணு மாத்தினீங்கன்னா மறுபடி முதல்லேர்ந்து பயிற்சி எடுக்கணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். "ரொம்ப நன்றி சார்," என்றார் கண்ணாடிக்காரர். அப்படிச் சொன்னதற்காகப் பிறகு அவர் தன்னையே எத்தனையோ தடவை திட்டிக்கொண்டார்.

வாரியத்தின் வாசலைத் தாண்டி வண்டி சாலைக்கு வந்தது. மனைவி முன் சீட்டில், மாமனார் பின்னால். போக்குவரத்து குறைந்ததும் மனைவியே சொன்னாள்.

"அமுத்துங்க. இதுக்காகத்தானே இவ்வளவு அலைஞ்சீங்க."

"இப்ப வேணாம். இன்னொரு நாளைக்கு..."

"பரவால்லை, அமுத்துங்க. சிரிச்சுப் பார்க்கறேன்."

அமுத்தினார். கீச்சுக் குரல் கிளம்பியது. அது ஏறுவதற்குள் அவள் கை வயிற்றுக்குப் போய்விட்டது. "நிறுத்துங்க," என்றாள். "ஐயோ, நிறுத்துங்க!"

ஓரமாக நிறுத்தினார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். மாமனார் பின்னாலிருந்து அவள் தோளைத் தொட்டார். "என்னம்மா? இறங்கி நடந்துடலாமா?"

அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மூச்சு கொஞ்சம் சீரானதும் சொன்னாள்: "சத்தம் வந்ததும் அவன் வந்துட்டான்பா. அன்னைக்கு நான் மூஞ்சியைக்கூடச் சரியாப் பார்க்கலை, எடுத்துட்டுப் போயிட்டாங்க. இப்ப நல்லாத் தெரிஞ்சுது."

மாமனார் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்கதானே சொன்னீங்க," என்றாள் அவள் கணவரைப் பார்த்து. "ஒண்ணு இருக்குன்னு." கோபம் துளியும் இல்லை. விலாசம் சரிதானா என்று விசாரிக்கிற மாதிரி கேட்டாள்.

கண்ணாடிக்காரர் வண்டியைக் கிளப்பினார். கொஞ்சம் அழுத்தினாலும் அந்தக் குரல் கிளம்பிவிடும் என்பதால், பெடலைக் கால் நுனியால் தொட்டும் தொடாமலும் உருட்டிக்கொண்டு போனார். நடந்து போகிறவர்கள் அவர்களைத் தாண்டிப் போனார்கள். பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஹாரன் அடித்தார்கள், ஜன்னலைத் தாண்டும்போது திட்டினார்கள். வீடு வரைக்கும் அவர் அப்படியேதான் ஓட்டினார்.